மாந்தோப்பில் பழ ஈப் பொறி: கட்டை ஊறவைப்பதிலிருந்து மானியம் வரை

பழுத்த மாம்பழத்தை அறுத்து உள்ளே வெள்ளைப் புழு நெளிவதைப் பார்த்த பிறகு அந்தக் காய்க்குச் செய்ய ஒன்றுமில்லை. காய் முற்றத் தொடங்கிய வாரங்களிலேயே பெண் ஈ தோலைக் குத்தி முட்டையை உள்ளே வைத்துவிட்டது. மேலே அடிக்கும் மருந்து சதைக்குள் இருக்கும் புழுவை எட்டாது. மண்டியில் ஒரு கூடையில் நாலு காய் இப்படி இருந்தால் மொத்தக் கூடைக்கும் விலை விழும். அதனால் வேலையை முன்கூட்டியே, ஈயிடமிருந்து தொடங்க வேண்டும். அதற்குக் கையில் இருக்கும் நல்ல கருவி ஒரு பூவின் வாசனைப் பொருள்: மெத்தில் யூஜினால்.

புதிதாகத் தோப்பு வாங்கியவர்களுக்கும் குத்தகைக்கு எடுத்தவர்களுக்கும் பொறி வைக்கும் முறையைத் தமிழ்நாட்டுச் சூழலுக்கு ஏற்ப வரிசையாகச் சொல்கிறேன். கடைசியில் பந்தல் காய்கறிக்கும் ஒரு பகுதி உண்டு. அதற்கு வேறு வாசனை வேண்டும்.

1. வாசனை யாரை அழைக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பொறி வைத்து ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான்.

மெத்தில் யூஜினால் சரக்கொன்றைப் பூவில் இருக்கிறது, துளசி இலையில் இருக்கிறது. மலேசியக் காடுகளில் வளரும் பல்போஃபில்லம் வகை ஆர்க்கிட் சிலவற்றில் ஈயை அழைப்பதே இந்தப் பொருள்தான். அந்தப் பூவின் உதடு கீல் வைத்தது போல அசையும். ஆண் ஈ அதில் உட்கார்ந்து வாசனைப் பொருளை நக்கிக்கொண்டே நகரும். எடை ஒரு பக்கம் சாய்ந்ததும் உதடு சட்டென்று மேலே தூக்கி ஈயைப் பூவின் நடுத்தூணோடு சேர்த்து அழுத்தும். மகரந்தக் கட்டி அதன் முதுகில் ஒட்டிக்கொள்ளும். ஈயைப் பிடித்து வைக்கும் தேன் எதுவும் அங்கே இல்லை. வாசனைப் பொருளேதான் கூலி.

ஆண் ஈ ஏன் இதற்கு இப்படி அலைகிறது? நக்கிய மெத்தில் யூஜினாலை அது உடலுக்குள் வேறு இரண்டு சேர்மங்களாக மாற்றி மலக்குடல் சுரப்பியில் சேமித்துக்கொள்கிறது. அந்தி நேரத்தில் அதை வெளியே விட்டுப் பெண்ணை அழைக்கிறது. நக்கிய ஆணுக்கு இணை கிடைக்கும் வாய்ப்பு நக்காத ஆணைவிட அதிகம்.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் வருகின்றன. பொறியில் விழுவது ஆண் மட்டுமே, காயைக் குத்தும் பெண் வராது. ஆண்களைப் பெருமளவு அழித்தால் பெண்களுக்கு இணை கிடைக்காமல் முட்டை பொரிவது குறையும் என்பதுதான் முறையின் அடிப்படை. ஆகவே பத்து ஈ, இருபது ஈ பிடித்துப் பலன் வராது. மூன்றாவதைப் பலர் யோசிப்பதே இல்லை. கொல்லும் மருந்து இல்லாமல் வெறும் வாசனை வைத்த பொறிக்குள் ஈ வந்து, நக்கி, வெளியே போய்விட்டால், நீங்கள் அந்த ஆணுக்கு உதவி செய்து அனுப்பியிருக்கிறீர்கள். அரைகுறைப் பொறியைவிடப் பொறியே இல்லாதது மேல்.

மாவைத் தாக்கும் முக்கிய இனங்களான பாக்டிரோசெரா டார்சாலிஸ், ஜொனாட்டா, கரெக்டா மூன்றும் இந்த வாசனைக்கு வரும். எந்த இனம் என்று பிரித்துப் பார்க்கத் தேவையில்லை.

2. நாள் குறியுங்கள்

முட்டையிலிருந்து புதிய ஈ வெளிவர, வெயில் காலத்தில் ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். முட்டை இரண்டு மூன்று நாளில் பொரியும். புழு ஒரு வாரம் பத்து நாள் சதையைத் தின்று, கீழே விழுந்து, மண்ணில் சில சென்டிமீட்டர் ஆழத்தில் கூடாகும். ஒரு தலைமுறையைத் தவறவிட்டால் அடுத்தது பல மடங்காக வரும். பொறி மரத்தில் ஏற வேண்டிய நாள், முதல் வெட்டுக்கு 60 நாள் முன். மிகத் தாமதமானாலும் 45 நாள்.

கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பக்கம் செந்தூரா மே மாதத்தில் வெட்டுக்கு வரும் தோப்பில் மார்ச் நடுவில் பொறி தொங்க வேண்டும். பெங்களூராவும் நீலமும் ஜூன், ஜூலை வரை மரத்தில் நிற்பதால் அவற்றுக்கு ஏப்ரல் முதல் வாரம். கோடை மழை விழுந்த பிறகு ஈ பெருகும். எனவே கடைசியில் நிற்கும் நீலம்தான் அதிகம் அடிவாங்கும். ஒரே தோப்பில் முன்னும் பின்னும் காய்க்கும் ரகங்கள் கலந்திருந்தால், முதல் ரகத்தின் நாளை வைத்துக்கொண்டு மொத்தத் தோப்புக்கும் சேர்த்துத் தொடங்குங்கள். செந்தூராவில் பெருகிய ஈதான் நீலத்துக்குப் போகும்.

கடைசிக் காய் இறங்கியதும் பொறியைக் கழற்றிவிடாதீர்கள். மண்ணில் இருக்கும் கூடுகளிலிருந்து ஈ வந்துகொண்டே இருக்கும். இன்னும் ஒரு மாதம் தொங்கட்டும்.

3. மானியம் வேண்டுமென்றால் காகித வேலையை முதலில் முடியுங்கள்

ஒருங்கிணைந்த பயிர்ப் பாதுகாப்புக்கான உதவி தோட்டக்கலைத் துறை வழியாக வரும். தொகையும் நிபந்தனையும் ஆண்டுக்கு ஆண்டு, திட்டத்துக்குத் திட்டம் மாறும். நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது, உங்களுக்குப் பொறி தேவைப்படுவதும் மார்ச்சில். அந்த மாதம் போய்க் கேட்டால் ஒதுக்கீடு தீர்ந்திருக்கும். அக்டோபர், நவம்பரிலேயே வட்டார தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள், அல்லது உழவன் செயலியில் பதிவு செய்யுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை:

- ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவு போட்டோ.
- சிட்டா. வருவாய்த் துறையின் இணையதளத்தில் நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.
- நடப்புப் பசலி அடங்கல்.
- வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம். கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும்.
- சிறு, குறு விவசாயி சான்று, உங்களுக்குப் பொருந்துமானால். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வரும். இதற்குத்தான் நாள் பிடிக்கும், முதலில் இதைப் போடுங்கள்.
- விவசாயி அடையாள எண் எடுத்திருந்தால் அதுவும்.

சிக்கல் வருவது பெரும்பாலும் அடங்கலில். பசலி ஆண்டு ஜூலையில் மாறுகிறது. பழைய பதிவில் தரிசு என்றோ வேறு பயிர் என்றோ இருந்தால் விண்ணப்பம் நின்றுவிடும். கிராம நிர்வாக அலுவலரிடம் மா என்று பதிவாகியிருக்கிறதா என்று முன்பே பாருங்கள். கூட்டுப்பட்டா என்றால் மற்றப் பட்டாதாரர்களின் ஒப்புதலை எழுத்தில் வாங்கி வையுங்கள். காய்க் குத்தகைக்கு எடுத்தவர் பெயரில் மானியம் கிடைப்பது கடினம், நில உரிமையாளரை விண்ணப்பிக்கச் சொல்வதே சுலபம்.

அலுவலகத்திலிருந்து அனுமதி வருவதற்கு முன் வாங்கிய பொருளின் பில் பெரும்பாலும் செல்லாது. அனுமதி, ஜிஎஸ்டி பில், தோப்பில் பொறி தொங்கும் படம் என்ற வரிசையில் போங்கள். பிப்ரவரி கடைசிக்குள் அனுமதி வரவில்லை என்றால் காத்திருக்காமல் சொந்தக் காசில் வாங்கிவிடுங்கள். மானியத் தொகையைவிட ஒரு தலைமுறை ஈ செய்யும் சேதம் பெரியது.

4. வாங்குவதா, செய்வதா?

முதல் பருவத்துக்குத் தயாராகக் கிடைக்கும் பொறியையே வாங்குங்கள் என்பது என் அழுத்தமான கருத்து. லூரோடு (ஈயை இழுக்கும் வாசனைப் பொருள் ஏற்றிய துண்டு) சேர்த்து ஒரு பொறி கடைக்குக் கடை 80 முதல் 150 ரூபாய் வரை இருக்கும். ஏக்கருக்கு 10 பொறி என்றால் 800 முதல் 1,500 ரூபாய். அடுத்தடுத்த மாற்றத்துக்கு லூர் மட்டும் வாங்கினால் போதும், டப்பா இரண்டு மூன்று பருவம் தாங்கும். ஒரு பருவத்துக்கு இடத்துக்கு இரண்டு அல்லது மூன்று லூர் தேவைப்படும் என்று கணக்கு வையுங்கள். உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்டுப் பாருங்கள்.

வாங்கும்போது மூன்றைப் பாருங்கள்: லூர் காற்றுப் புகாத அலுமினிய உறையில் இருக்கிறதா, உறையில் மெத்தில் யூஜினால் என்றோ மாம்பழ ஈ என்றோ எழுதியிருக்கிறதா, தயாரித்த தேதி இருக்கிறதா. திறந்த பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தருவதை வாங்காதீர்கள், அது கடையிலேயே பாதி ஆவியாகியிருக்கும். தோட்டத்தில் வைக்கும் எல்லாப் பொறிகளையும் கடையில் பொதுவாக இனக்கவர்ச்சிப் பொறி என்றே சொல்வார்கள். கத்தரித் தண்டுத் துளைப்பானுக்கு உரிய லூரை மாவில் கட்டினால் ஒரு பழ ஈகூட வராது.

ஐந்து ஏக்கருக்கு மேல் என்றாலோ, பக்கத்துத் தோப்புக்காரர்கள் சேர்ந்து செய்கிறார்கள் என்றாலோ, சொந்தமாக மரக்கட்டையை வாசனைக் கலவையில் ஊறவைத்து லூர் செய்வது லாபம்.

5. மெத்தில் யூஜினாலைச் சோதித்து வாங்குங்கள்

கிராம்பு எண்ணெயில் இருப்பது யூஜினால். பெயரும் வாசனையும் நெருங்கியவை, மூலக்கூறில் ஒரு மெத்தில் தொகுதிதான் வித்தியாசம். ஆனால் ஆண் ஈயின் உணர்கொம்புக்கு அந்த ஒரு தொகுதிதான் எல்லாம். விலை குறைவு என்று கிராம்பு எண்ணெயை ஊற்றிய பொறி சும்மா தொங்கும். துளசி இலையை அரைத்து வைக்கும் முறையும் புழக்கத்தில் இருக்கிறது. துளசியில் மெத்தில் யூஜினால் மிகுந்த வகையும் யூஜினால் மிகுந்த வகையும் உண்டு, இலையைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. அரைத்த இலை சில நாளில் காய்ந்தும் போகும். வீட்டு வாசலில் ஒற்றை மாமரம் இருப்பவர் முயன்று பார்க்கலாம், தோப்புக்கு அதை நம்பாதீர்கள்.

நல்ல சரக்கு நிறமற்றோ இளமஞ்சளாகவோ இருக்கும். தண்ணீரைவிடச் சற்றே கனமானது. கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் சில துளி விட்டு லேசாகக் கலக்கினால் துளிகள் மெல்லக் கீழே இறங்க வேண்டும். மேலே படலமாக மிதந்தால் மண்ணெண்ணெயோ வேறு எண்ணெயோ கலந்திருக்கிறது. கிராம்பு எண்ணெயும் மூழ்கும், ஆகவே இந்தச் சோதனை மட்டும் போதாது. காலை ஏழு மணிக்குத் தோப்பில் பஞ்சில் அரை மி.லி. நனைத்துக் கிளையில் கட்டுங்கள். ஈ நடமாட்டம் உள்ள பருவத்தில் அரை மணி நேரத்துக்குள் பஞ்சில் ஈ உட்கார வேண்டும். பார்த்து முடித்ததும் அந்தப் பஞ்சை அப்படியே விட்டுவிடாமல் மூடிய டப்பாவில் எடுத்து வந்துவிடுங்கள்.

கையுறை கட்டாயம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2023-ல் மெத்தில் யூஜினாலை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது என்ற 2ஏ பிரிவில் சேர்த்திருக்கிறது. பூவில் இருக்கும் பொருள்தானே என்று வெறுங்கையால் அள்ளாதீர்கள்.

6. கட்டை ஊறவைத்தல்

அளவு: எத்தனால் 60 மி.லி., மெத்தில் யூஜினால் 40 மி.லி., ஈயைக் கொல்லும் மருந்தான மாலத்தியான் 50 ஈ.சி. (நீரில் கலக்கும் திரவ வகை) 10 மி.லி. அதாவது 6:4:1. இந்த 110 மி.லி. கலவை, பலகையின் ரகத்தைப் பொறுத்து 12 முதல் 15 கட்டைக்கு வரும். ஒரு ஏக்கருக்கு அது போக மிச்சமும் இருக்கும்.

கட்டை 5 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், 1.2 செ.மீ. கனம். சாதாரண பிளைவுட் போதும். லேமினேட் ஒட்டியதும் வார்னிஷ் அடித்ததும் உறிஞ்சாது. ஒரு மூலையில் கம்பி நுழையும் ஓட்டையை ஊறவைப்பதற்கு முன்பே போட்டுவிடுங்கள், பிறகு துளையிட்டால் வாசனை கையெல்லாம் ஏறும்.

எத்தனாலின் வேலை லூரையும் மருந்தையும் மரத்தின் நார்களுக்குள் கொண்டு சேர்ப்பது. பிறகு அது பறந்துவிடும். இங்கேதான் புதியவர்களுக்கு முட்டுக்கட்டை: தமிழ்நாட்டில் எத்தனால் மதுவிலக்குச் சட்டக் கட்டுப்பாட்டில் வரும் பொருள், உரிமம் இல்லாமல் வாங்கவோ இருப்பு வைக்கவோ முடியாது. குழுவாகச் செய்பவர்கள் உரிமம் உள்ள வேளாண் அறிவியல் நிலையமோ உற்பத்தியாளர் நிறுவனமோ வழியாகக் கட்டையாகவே வாங்குவது நல்லது. அதுவும் முடியாதவர்கள் எத்தனால் இல்லாமல் மெத்தில் யூஜினாலும் மாலத்தியான் 50 ஈ.சி.யும் 1:1 கலந்து, பொறிக்கு 10 மி.லி. வீதம் பயன்படுத்தலாம். ஏக்கருக்கு இரண்டிலும் 50 மி.லி. ஆகும். பஞ்சில் நனைத்து வைத்தால் ஏப்ரல் வெயிலில் மூன்று நான்கு வாரத்துக்கு மேல் தாங்காது, கட்டை 45 முதல் 60 நாள் தாங்கும்.

பழைய கையேடுகளில் டைக்குளோர்வாஸ் என்று எழுதியிருக்கும். அது இந்தியாவில் 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு முழுத் தடையில் இருக்கிறது. யாராவது மிச்சம் வைத்திருந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

செய்முறை:

- திறந்த வெளியில், அடுப்பும் பீடி நெருப்பும் இல்லாத இடத்தில், கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு தொடங்குங்கள்.
- கண்ணாடிப் புட்டியிலோ கனமான வெள்ளை கேனிலோ முதலில் எத்தனால், பிறகு மெத்தில் யூஜினால், கடைசியில் மாலத்தியான் ஊற்றிக் கலக்குங்கள். தெர்மோகோல், மெல்லிய பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், இளகிவிடும்.
- கட்டைகளை அடுக்கி மூடியை இறுக்குங்கள். 72 மணி நேரம் ஊறட்டும். நாளுக்கு ஒருமுறை புட்டியைக் கவிழ்த்து நிமிர்த்தினால் எல்லாக் கட்டையும் சமமாக உறிஞ்சும்.
- எடுத்து, சொட்டு வடிந்ததும் ஒவ்வொன்றையும் அலுமினியத் தாளில் சுற்றிக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். அன்றைக்குக் கட்டப்போவதை மட்டும் பிரியுங்கள்.

உயிர்மச் சான்று வைத்திருப்பவர்கள் மூடிய பொறிக்குள்ளே என்றாலும் மாலத்தியான் வைக்கும் முன் சான்று தரும் அமைப்பிடம் எழுத்தில் கேளுங்கள். பிறகு பதிவேட்டில் சிக்கல் வரும்.

7. பாட்டில்

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். மேல் பகுதியில், தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே, நான்கு பக்கமும் ஒரே உயரத்தில் ஓட்டை, ஒவ்வொன்றும் ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. விட்டம். கத்தியால் கிழித்தால் விளிம்பு உள்நோக்கி மடங்கி ஈயைத் தடுக்கும், சூடான கம்பியால் துளைத்தால் வட்டமாக வரும். அடியில் ஊசி நுழையும் அளவுக்கு இரண்டு துளை போடுங்கள், மழைத் தண்ணீர் தேங்காது. மூடியின் நடுவே கம்பி செருகி, உள்முனையில் கட்டையை ஓட்டைகளின் மட்டத்தில் தொங்கவிடுங்கள். கட்டை பாட்டில் சுவரில் படக்கூடாது.

கட்டையைத் தொட்ட கையுறையோடு பாட்டிலின் வெளிப்பக்கத்தைத் தொடாதீர்கள். ஒரு விரல் தடம் போதும், ஈக்கள் வெளியே அந்த இடத்திலேயே வரிசையாக உட்கார்ந்து நக்கிக்கொண்டிருக்கும், உள்ளே போகாது. ஒருவர் கட்டையைச் செருகட்டும், இன்னொருவர் சுத்தமான கையால் மரத்தில் கட்டட்டும்.

மேல்கம்பியில் விரலளவு நீளத்துக்கு கிரீஸ் தடவுங்கள். இல்லையென்றால் எறும்பு உள்ளே இறங்கிச் செத்த ஈயையெல்லாம் தூக்கிப் போய்விடும். பொறி காலியாக இருப்பதைப் பார்த்து ஈ இல்லை என்று முடிவுகட்டிவிடுவீர்கள். அதற்காக மரத்தில் இருக்கும் முசுறுக் கூட்டை அழிக்காதீர்கள், முசுறு ஓடும் கிளையில் பெண் ஈ நிம்மதியாக உட்கார்ந்து முட்டை வைக்க முடியாது.

8. கட்டும் இடம்

காலை 6 மணியிலிருந்து 8 மணிக்குள் கட்டுங்கள், ஆண் ஈ இந்த வாசனையைத் தேடுவது பெரும்பாலும் காலையில்தான். ஐந்து முதல் ஆறு அடி உயரம், மரத்தின் கீழ்க்கவிகையில், நிழலும் காற்றோட்டமும் உள்ள கிளை. நேர் வெயிலில் தொங்கினால் கட்டை சீக்கிரம் காய்ந்துவிடும். இலைகள் பாட்டிலை உரசினால் எறும்புக்கு இன்னொரு பாலம் கிடைக்கும், சுற்றி ஒரு சாண் அளவு இலையைக் கிள்ளிவிடுங்கள்.

ஏக்கருக்கு 10 பொறி என்றால் பொறிக்குப் பொறி ஏறத்தாழ 20 மீட்டர். 10 மீட்டர் இடைவெளியில் நட்ட பழைய தோப்பில் ஏக்கருக்கு 40 மரம் நிற்கும், ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை, ஒரு மரம் விட்டு ஒரு மரம் என்று கட்டினால் கணக்குச் சரியாக வரும். அடர் நடவில் மரக் கணக்கை விட்டு மீட்டரை அளந்து கட்டுங்கள்.

பொறி வைத்தால் பக்கத்துத் தோப்பு ஈயெல்லாம் நம் தோப்புக்கு வந்துவிடும் என்று சிலர் தயங்குவார்கள். வருவது ஆண் ஈ, அது காயைக் குத்தாது. உண்மையான சிக்கல் வேறு: பக்கத்தில் இணை சேர்ந்து முடித்த பெண் ஈ உங்கள் தோப்புக்குள் பறந்து வரும், அதைப் பொறி தடுக்காது. இரண்டு ஏக்கர்க்காரர் தனியாக வைத்தால் கிடைக்கும் பலனும், சுற்றியுள்ள இருபது ஏக்கரும் ஒரே வாரத்தில் வைத்தால் கிடைக்கும் பலனும் ஒன்றல்ல. பக்கத்துக்காரரிடம் போய்ப் பேசுவதற்கு ஒரு மாலை செலவழியுங்கள். அவர் வாங்க மறுத்தால் எல்லை ஓரத்து மரங்களில் பொறியை நெருக்கிக் கட்டுங்கள், அந்தப் பக்கத்தில் தூண்டில் மருந்தையும் (10-ஆம் படியில் வருகிறது) கூடுதலாக அடியுங்கள்.

9. வாரம் ஒருமுறை எண்ணுங்கள்

ஒவ்வொரு பாட்டிலிலும் எண்ணும் கட்டை மாற்றிய தேதியும் எழுதியிருக்க வேண்டும். வாரத்தில் ஒரே கிழமையில் எல்லாவற்றையும் கொட்டி எண்ணிக் குறித்துவையுங்கள். நூற்றுக்கணக்கில் விழுந்தால் ஒவ்வொன்றாக எண்ண வேண்டாம்: இருமல் மருந்து மூடியில் 10 மி.லி. கோடு வரை நிரப்பி ஒருமுறை எண்ணிக்கொள்ளுங்கள், அடுத்து மூடிக் கணக்கு போதும். அந்த மூடியை வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள்.

மொத்த ஈயைப் பொறி எண்ணிக்கையாலும் நாளாலும் வகுங்கள். 10 பொறியில் 7 நாளில் 1,400 ஈ என்றால் நாளுக்குப் பொறிக்கு 20. இந்த எண் வாரத்துக்கு வாரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே உங்களுக்கு முக்கியம்.

எல்லாப் பொறியிலும் ஒரே சீராகக் குறைந்தால் கட்டை தீர்ந்துகொண்டிருக்கலாம். புதுக் கட்டை ஒன்றை 20 மீட்டர் தள்ளி மாட்டி ஒரு நாள் ஒப்பிடுங்கள், புதியதில் ஈ மொய்த்தால் எல்லாவற்றையும் மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஒன்றிரண்டு பொறி மட்டும் காலியென்றால் ஓட்டையில் சிலந்தி வலை இருக்கும், அல்லது எறும்பு. பொறியில் நிறைய விழுந்தும் காயில் குத்துத் தழும்பு கூடினால், பெண் ஈ வெளியிலிருந்து வருகிறது, அல்லது தோப்புக்குள்ளேயே விழுந்த காயில் பெருகுகிறது. அடுத்த படி அதற்குத்தான்.

செத்த ஈயைக் கொஞ்சம் கையுறை போட்ட உள்ளங்கையில் கொட்டி வயிற்று நுனியைப் பாருங்கள். பெண்ணுக்கு அங்கே ஊசி போல முட்டைக் குழல் நீட்டியிருக்கும். உங்கள் பொறியில் அநேகமாக எல்லாமே ஊசியில்லாதவையாக இருக்கும், அதுவே லூர் சரியானது என்பதற்குச் சாட்சி.

10. பெண் ஈக்கும் புழுவுக்கும்

விழுந்த காயை இரண்டு நாளுக்கு ஒருமுறை பொறுக்குங்கள். இந்த வேலையை விட்டுவிட்டுப் பொறிக்குச் செலவு செய்வது வீண். பொறுக்கியதை இரண்டடிக் குழியில் போட்டு மண்ணை மிதித்து மூடுங்கள், அல்லது கறுப்பு பாலித்தீன் பையில் இறுகக் கட்டி இரண்டு வாரம் வெயிலில் போடுங்கள். வாய்க்காலிலும் எருக்குழியிலும் கொட்டினால் புழு மண்ணுக்குள் இறங்கி ஈயாகத் திரும்பி வரும். அறுவடை முடிந்து நவம்பர், டிசம்பரில் மரங்களுக்கு இடையே உழுதால் கூடுகள் வெயிலுக்கும் பறவைக்கும் வெளிப்படும்.

தூண்டில் மருந்து: முன்பு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் வெல்லம், 2 மி.லி. மாலத்தியான் 50 ஈ.சி. என்று கலந்தார்கள். மாம்பயிரில் மாலத்தியான் பயன்படுத்துவதை 2023-ல் மத்திய அரசு தடை செய்துவிட்டது, எனவே வெல்லத்தோடு எந்த மருந்தைக் கலக்கலாம் என்று தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அடிமரத்திலும் கீழ் இலைகளிலும் அங்கங்கே பெரிய சொட்டாக விழும்படி தெளியுங்கள், காயில் படவேண்டாம். இரண்டு வாரம் விட்டு இன்னொரு முறை. வெட்டுக்கு எத்தனை நாள் முன் நிறுத்த வேண்டும் என்பது லேபிளில் இருக்கும், அதை மீறாதீர்கள். வெல்லத்துக்குத் தேனீயும் வரும், தேன்பெட்டி வைத்த தோப்பில் இதைத் தவிருங்கள்.

ஏற்றுமதிக்குக் கொடுப்பவர்கள் 48 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் 60 நிமிடம் காயை அமிழ்த்தும் முறையைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். அதை அங்கீகரிக்கப்பட்ட பேக்கிங் கூடத்தில் செய்ய வேண்டும். வீட்டு அண்டாவில் செய்தால் வெப்பம் இரண்டு டிகிரி குறைந்தால் புழு பிழைக்கும், ஏறினால் தோல் வெந்து கறுக்கும்.

11. பந்தல் காய்கறிக்கு வேறு லூர்

பாகல், புடலை, பீர்க்கு, சுரை, பூசணியைக் குத்தும் ஈ வேறு இனம், மெத்தில் யூஜினாலுக்கு வராது. அதற்குக் க்யூ லூர். இது ஆய்வகத்தில் செய்யும் பொருள், ஈரப்பதம் பட்டு உடையும்போது ராஸ்பெர்ரி கீட்டோனாக மாறுகிறது. அந்தக் கீட்டோன் சில ஆர்க்கிட் பூக்களில் இயல்பாகவே இருப்பது. இங்கேயும் ஆண் மட்டும்தான் வரும்.

கொடியில் ஈ பிஞ்சையே குத்தும். எனவே முதல் பெண் பூ விரிவதற்கு முன் பொறி தொங்க வேண்டும், ஏக்கருக்கு 10, பந்தலின் உயரத்தில், இலை நிழலில். குத்திய பிஞ்சு கோணிக்கொண்டு மஞ்சளாகும், அதைப் பறித்துப் புதையுங்கள்.

இரண்டு லூரையும் ஒரே பாட்டிலில் போட்டால் செலவு மிச்சம் என்று தோன்றும், ஆனால் கலந்தால் பிடிப்பு குறைகிறது, குறிப்பாகக் கொடியைத் தாக்கும் ஈ. மாவும் பந்தலும் அருகருகே உள்ளவர்கள் இரண்டு வகைப் பொறிக்கும் இடையே 20 மீட்டராவது விடுங்கள், கட்டைகளைத் தனித்தனி டப்பாவில் வையுங்கள், ஒன்றை முடித்துக் கையுறையை மாற்றிய பிறகே மற்றதைத் தொடுங்கள். பாட்டிலில் பெயின்டால் மா என்றும் கொடி என்றும் எழுதிவிடுங்கள். 45 நாள் கழித்துக் கட்டை மாற்ற வேறு ஆள் வந்தாலும் மாறிப் போகாது.